மின்கம்பிக் குழுவின் மேற்பார்வையாளர் ஆவது எப்படி? தென்னாப்பிரிக்காவில் இந்தத் தொழிலுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், டோங்காட், ஸ்டேங்கர் என்று குவாசூலு-நடால் மாநிலத்தில் நம் இந்திய மக்கள் வாழும் ஊர்களில் பத்தாம் வகுப்புப் பிள்ளையிடம் என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டால் மருத்துவம், சட்டம், கணக்கியல் என்றுதான் பதில் வரும். மின்கம்பிக் குழுவில் சேரப் போகிறேன் என்று சொல்லும் பிள்ளையை அரிதாகவே பார்க்கிறேன். அப்படிச் சொன்னால் முகம் சுளிக்கும் பெற்றோரைத்தான் அதிகம் பார்க்கிறேன். எனக்கு இது வருத்தமாக இருக்கிறது. அடுத்த பத்து ஆண்டுகளில் நாட்டுக்கு ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர் புதிய உயர் அழுத்த மின்பாதை தேவை என்று தேசிய மின்செலுத்தல் நிறுவனமே திட்டம் வெளியிட்டிருக்கிறது. அவற்றைக் கட்டவும் பராமரிக்கவும் ஆள் வேண்டும். அந்த ஆட்களை நடத்தத் தெரிந்தவர்களுக்கு இப்போதே தட்டுப்பாடு.

நம் தாத்தாக்களுக்கு இந்த வழி அடைபட்டிருந்தது. 1922ஆம் ஆண்டின் தொழிற்பயிற்சிச் சட்டம் நிறத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமலே, நுழைவுத் தகுதிகளாலும் ஆள் தேர்ந்தெடுக்கும் குழுக்களாலும் வெள்ளையர் அல்லாதவர்களைக் கைத்தொழிலிலிருந்து ஒதுக்கி வைத்தது. 1956இல், சில வேலைகள் வெள்ளையருக்கே என்னும் வேலை ஒதுக்கீடு சட்டமாகவே வந்தது. டர்பன் மாநகராட்சியில் வேலை பார்த்து மேகசின் பாரக்ஸ் குடியிருப்பில் வாழ்ந்த நம்மவர்களில் பெரும்பாலோர் கூலியாட்களாகவே ஓய்வு பெற்றார்கள். அவர்கள் அருகில் நின்று பார்க்க மட்டுமே முடிந்த வேலையை இன்று அவர்கள் பேரப்பிள்ளைகள் கற்று, அதற்குத் தலைமையும் ஏற்கலாம்.

வழியைச் சொல்லுமுன் வேலையின் மையத்தைச் சொல்லிவிடுகிறேன். மேற்பார்வையாளர் கம்பத்தில் ஏறமாட்டார். பல ஆண்டுகள் ஏறிப் பழகிய ஒருவர், கைகளைக் கட்டிக்கொண்டு கீழே நின்று எல்லோரையும் ஒரே பார்வையில் வைத்திருப்பதற்குத்தான் சம்பளம் வாங்குகிறார். கீழே நிற்பவர் ஒரு நட்டை முடுக்கக் குனிந்தால் அந்த நேரத்தில் குழுவைப் பார்க்க யாரும் இல்லை. இந்த வழிகாட்டியில் நான் சொல்லும் ஒவ்வொரு படியும் அந்த இடத்தில் நிற்கும் தகுதியைச் சம்பாதிப்பதற்கானது.

முதற்படி: பள்ளியும் தொழிற்கல்லூரியும்

மெட்ரிக் (பன்னிரண்டாம் வகுப்பு) வரை கணிதமும் இயற்பியல் அறிவியலும் எடுத்துப் படியுங்கள். கணிதத்துக்குப் பதிலாக மேத்தமேட்டிக்கல் லிட்டரசி என்னும் எளிய பாடத்தை எடுத்தால் பல பயிற்சி இடங்களுக்கு விண்ணப்பிக்கவே முடியாது. ஒன்பதாம் வகுப்பு முடிவில் இதைத் தேர்ந்தெடுக்கும்போதே பெற்றோர் கவனிக்க வேண்டும்.

மெட்ரிக்குக்குப் பிறகு டிவெட் எனப்படும் தொழிற்கல்லூரிகள் இருக்கின்றன. டர்பன் பக்கத்தில் தெக்வினி, கோஸ்டல் கே.இசட்.என். ஆகிய இரண்டும் நமக்கு எட்டும் தூரத்தில் உள்ளவை. என்1 முதல் என்3 வரையிலான பழைய பாடத்திட்டங்கள் படிப்படியாக விலக்கப்பட்டு, அந்த இடத்துக்குப் புதிய தொழில்தகுதிகள் வருகின்றன. பணம் கட்டுமுன் கல்லூரி அலுவலகத்தில் நேரில் கேளுங்கள்: நான் சேரும் பாடத்தைக் கொண்டு மின்பாதைத் தொழிலுக்கு டிரேட் டெஸ்ட் (தொழில்தகுதித் தேர்வு) எழுத முடியுமா? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்த நிலைகளான என்4 முதல் என்6 வரை, அல்லது டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டிப்ளோமா. இது மேற்பார்வையாளர் பதவிக்குப் பின்னாளில் உதவும். பல விளம்பரங்கள் டிரேட் டெஸ்டோடு இதையும் கேட்கின்றன. ஆனால் டிப்ளோமாவை மட்டும் கையில் வைத்துக்கொண்டு குழுவின் முன் நிற்பவரைக் குழு ஒரு வாரத்தில் எடை போட்டுவிடும். இரண்டும் வேண்டும் என்றால் கம்பத்தை முதலில் எடுங்கள். மாலை வகுப்பில் டிப்ளோமா பிறகு வரும்.

இரண்டாம் படி: தொழிற்பயிற்சியும் டிரேட் டெஸ்டும்

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். வீட்டுக்கு வயரிங் செய்து தகுதிச் சான்றிதழ் தரும் எலெக்ட்ரீஷியன் வேறு, மின்பாதை மெக்கானிக் வேறு. வயர்மேன் உரிமம் வீட்டு இணைப்புகளுக்கானது. நம் ஊர்களில் வயரிங் தெரிந்த மாமா ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பதால், அவரிடம் இரண்டு ஆண்டு வேலை பார்த்தால் அரசு மின்நிறுவனமான எஸ்கோமில் சேரலாம் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். அந்த அனுபவம் வீண் போகாது. ஆனால் மின்பாதைத் தொழிலுக்கு அது கணக்கில் வராது. விண்ணப்பத்தில் மின்பாதை மெக்கானிக் என்ற தொழிலின் பெயர் சரியாக இருக்கிறதா என்று பாருங்கள்.

பயிற்சி இடங்கள் மூன்று பக்கமிருந்து வருகின்றன. எஸ்கோம் ஒன்று. சொந்தமாக மின்விநியோகம் செய்யும் நகராட்சிகள் இரண்டாவது: ஈத்தெக்வினி, பீட்டர்மாரிட்ஸ்பர்க்கை உள்ளடக்கிய உம்சுண்டுசி, ஸ்டேங்கரை உள்ளடக்கிய க்வாடுகுசா, நியூகாசில். மூன்றாவது, இவர்களுக்கு வேலை செய்து தரும் தனியார் ஒப்பந்தக்காரர்கள். நம் பிள்ளைகள் முதல் இரண்டுக்கு விண்ணப்பித்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள். ஒதுக்கீட்டு விகிதம் பற்றிய மனக்குறையும் அந்தக் காத்திருப்பில் சேர்ந்துகொள்கிறது. 1998ஆம் ஆண்டின் சமவேலைவாய்ப்புச் சட்டத்தில் இந்தியர்களும் பயன்பெறும் பிரிவில்தான் இருக்கிறார்கள். ஒவ்வோர் இடத்திலும் அது எப்படிக் கணக்கிடப்படுகிறது என்பதில் தகராறு உண்டு, அதை நான் மறுக்கவில்லை. அந்தத் தகராறு தீரும்வரை வீட்டில் இருக்காமல் ஒப்பந்தக்காரரிடம் சேருங்கள். எரிசக்தி, நீர்த் துறைகளுக்கான பயிற்சி வாரியமான ஈ.டபிள்யூ.சீட்டாவில் உங்கள் பயிற்சி ஒப்பந்தம் பதிவாகியிருக்க வேண்டும். பதிவு இல்லாத பயிற்சி, தேர்வு நாளில் செல்லாது.

பயிற்சிக்காலம் பொதுவாக மூன்று ஆண்டுகள். பணிக்குறிப்பேட்டை அன்றன்றே எழுதி, அந்த வாரத்துக்குள் கையெழுத்து வாங்குங்கள். மூன்றாம் ஆண்டில் உட்கார்ந்து முதலாண்டு வேலையை எழுதுபவர்களின் ஏடு பார்த்தவுடனே தெரிந்துவிடும். டிரேட் டெஸ்டை கௌட்டெங்கின் ஒலிஃபான்ட்ஸ்ஃபான்டைனில் உள்ள இன்ட்லேலா மையத்திலோ அங்கீகாரம் பெற்ற வேறு மையத்திலோ எழுதலாம். பல ஆண்டுகள் கம்பத்தில் வேலை பார்த்தும் காகிதம் இல்லாதவர்களுக்கு, முன்னனுபவத்தை மதிப்பிட்டுத் தேர்வுக்கு அனுப்பும் வழியும் உண்டு. நாற்பது வயதைத் தாண்டிய அண்ணன்மார் பலர் இதை அறியாமலே இருக்கிறார்கள்.

மூன்றாம் படி: உடம்பு

தொழில் மருத்துவரின் தகுதிச் சான்று இல்லாமல் உயரத்தில் வேலை செய்ய முடியாது. கண், நிறப்பார்வை, காது, இரத்த அழுத்தம், வலிப்பு, தலைசுற்றல் எல்லாம் பார்ப்பார்கள். நம் குடும்பங்களில் சர்க்கரை நோய் அதிகம். முப்பதைத் தொடுமுன்பே சோதித்துக்கொள்ளுங்கள். அழைப்புக்குக் காத்திருக்கும் ஸ்டாண்ட்பை இரவுகளில் கிடைத்த பன்னி சௌவையும் (ரொட்டிக்குள் கறி நிரப்பியது) குளிர்பானத்தையும் விழுங்கிவிட்டு வண்டியில் தூங்கும் பழக்கம் இந்தத் தொழிலில் பலரை மின்சாரத்தைவிட மெதுவாக வீழ்த்தியிருக்கிறது.

நான்காம் படி: கம்பத்தில் கழியும் ஆண்டுகள்

தேர்வு எழுதியவுடன் மேற்பார்வைக்கு அவசரப்படாதீர்கள். இந்தக் காலத்தில் இரண்டு வகை அறிவு சேர வேண்டும். ஒன்று கைவேலை: கம்பம் நடுவது, குறுக்குத்தாங்கி பொருத்துவது, கம்பத்தைச் சாயாமல் பிடிக்கும் இழுவைக் கம்பி கட்டுவது, கம்பியை வெப்பநிலைக்கேற்ற தொய்வில் இழுப்பது. ஃபாக்ஸ், மிங்க், ஹேர் என்று விலங்குப் பெயர் வைத்த கம்பிகளின் கனமும் இழுவைத் திறனும் கைக்கே தெரிய வேண்டும்.

இன்னொன்று மண்ணையும் காலநிலையையும் படிப்பது. இதை எந்தக் கல்லூரியும் முழுதாகக் கற்றுத் தராது. கடற்கரை ஓரத்தில் மழையில்லாத மாதங்களில் இன்சுலேட்டர் மீது உப்பும் தூசும் படிந்துகொண்டே வரும். பிறகு வரும் முதல் தூறலில் அந்தப் படலம் நனைந்து மின்சாரம் கசியும். மரக்கம்பத்தின் தலை தீப்பிடிப்பது பெரும்பாலும் பெருமழையில் அன்று, இந்தத் தூறலில்தான். டோங்காட்டிலிருந்து வடக்கே கரும்பு வெட்டும் காலத்தில், ஏறத்தாழ ஏப்ரல் முதல் டிசம்பர் வரை, தோட்டங்களில் தீ வைப்பார்கள். பாதைக்கு அடியில் எழும் சுவாலையும் புகையும் காற்றின் காப்புத்திறனைக் குறைத்துக் கம்பிக்குக் கம்பி மின்சாரத்தைத் தாவ வைக்கும். எந்தத் தோட்டம் எப்போது எரியும் என்று தோட்டக்காரரிடம் கேட்டுவைத்திருக்கும் மேற்பார்வையாளரின் குழு பாதி அலைச்சலை மிச்சப்படுத்துகிறது.

2022 ஏப்ரல் வெள்ளம் கற்பித்த பாடம் ஒன்று உண்டு. குவாசூலு-நடாலில் 400க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த அந்த வெள்ளத்துக்குப் பிறகு, நேராக நின்ற கம்பங்களைத்தான் அதிகம் சந்தேகிக்க வேண்டியிருந்தது. சாய்ந்த கம்பத்தில் யாரும் ஏறமாட்டார்கள். நிமிர்ந்து நிற்கும் கம்பத்தின் அடிமண்ணைத் தண்ணீர் அரித்திருக்கும், இழுவைக் கம்பியின் நங்கூரம் தளர்ந்திருக்கும். ஏறுமுன் சுத்தியலால் தட்டிக் கேட்பது, மண்மட்டத்துக்குக் கீழே தோண்டிக் கம்பியால் குத்திப் பார்ப்பது, இழுவைக் கம்பியை ஆட்டிப் பார்ப்பது ஆகிய மூன்றையும் ஒவ்வொரு கம்பத்திலும் செய்யும் பழக்கம் உங்களுக்கு இருந்தால்தான் நாளைக்கு மற்றவரைச் செய்ய வைக்க முடியும்.

இதற்கிடையில் கனரக வண்டி ஓட்டுநர் உரிமம், தொழில்முறை ஓட்டுநர் அனுமதி, கிரேன் இயக்கும் சான்று, முதலுதவி, கம்பத்தின் உச்சியிலிருந்து மயங்கியவரை இறக்கும் பயிற்சி ஆகியவற்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசியில் சொன்னதை ஆண்டுக்கொருமுறை சடங்குக்காகச் செய்யும் குழுக்கள் உண்டு. இதயம் நின்றவருக்குச் சில நிமிடங்களே இருக்கின்றன. ஆம்புலன்ஸ் வரும் தூரத்தில் நாம் வேலை செய்வதில்லை. கயிறு எந்தப் பையில் இருக்கிறது, யார் ஏறுவார், யார் இறக்குவார் என்பதை ஒவ்வொரு காலையிலும் பெயர் சொல்லித் தீர்மானியுங்கள்.

ஐந்தாம் படி: எழுத்தில் வரும் அதிகாரம்

எஸ்கோமில் உயர் அழுத்த அமைப்பை இயக்கத் தனி விதிநூல் உண்டு. நகராட்சிகளும் தமக்கென விதிகள் வைத்திருக்கின்றன. ஸ்விட்சுகளைத் திறந்து (அதாவது மின்சாரத்தைத் துண்டித்து), பாதையைப் பிரித்து, எர்த் செய்து (கம்பியை நிலத்தோடு இணைத்து), பணி அனுமதிச் சீட்டு தருவதற்கு ஒருவர் எழுத்து மூலம் அதிகாரம் பெற்றிருக்க வேண்டும். அந்தச் சீட்டை வாங்கி, அதன் கீழ் நடக்கும் வேலைக்குப் பொறுப்பேற்க இன்னோர் அதிகாரம். மேற்பார்வையாளருக்கு இரண்டாவது கட்டாயம் வேண்டும்; முதலாவதும் இருந்தால் உங்கள் மதிப்பு உயரும். ஒவ்வோர் அதிகாரமும் குறிப்பிட்ட மின்னழுத்தத்துக்கும் சாதனத்துக்கும் உரியது, காலாவதியும் உண்டு. 22 கிலோவோல்ட் அதிகாரத்தை வைத்துக்கொண்டு 132 கிலோவோல்ட் துணைமின்நிலைய முற்றத்துக்குள் நுழையக்கூடாது.

ஆறாம் படி: நியமனக் கடிதம்

1993ஆம் ஆண்டின் 85ஆம் எண் சட்டமான தொழிற்பாதுகாப்புச் சட்டத்தையும், அதன் கீழ் வந்த 2014ஆம் ஆண்டுக் கட்டுமான விதிகளையும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். கட்டுமான வேலையாக இருந்தால் அந்த விதிகளில் எட்டாவதன் ஏழாம் உட்பிரிவின்படி மேற்பார்வையாளரை எழுத்தில் நியமிக்க வேண்டும். ஒன்பதாவது, இடர் மதிப்பீடு. பத்தாவது, விழுதலைத் தடுக்கும் திட்டம்.

கடிதம் மேசையில் வைக்கப்படும்போது எல்லோரும் வாழ்த்துவார்கள், பேனாவும் தயாராக இருக்கும். அன்றே கையெழுத்திடாதீர்கள். எந்தப் பகுதி, எந்த வேலை, எத்தனை குழு, எந்தத் தேதி முதல் என்று பாருங்கள். ஒரே நாளில் இரண்டு இடங்களில் உங்களை மேற்பார்வையாளராகக் காட்டும் கடிதம் வந்தால் திருப்பிக் கொடுங்கள். விபத்து நடந்தால் ஆய்வாளர் முதலில் கேட்பது இந்தக் கடிதத்தைத்தான். பொறுப்பு உங்களுடையது என்றால் வேலையை நிறுத்தும் அதிகாரமும் உங்களுடையது என்று அதில் தெளிவாக இருக்க வேண்டும்.

ஒரு நாள் வேலை எப்படிப் போகும்

காலையில் வண்டி, கிரேன், கயிறு, பட்டை, கையுறை, சோதனைக் கோல் எல்லாவற்றையும் பார்ப்பது அரைமணி நேர வேலை. கட்டுப்பாட்டு மையத்தோடு பேசி, எந்த ஸ்விட்ச் எப்போது திறக்கும் என்று உறுதி செய்வீர்கள். அருகில் உயிருள்ள பாதை, அதாவது மின்சாரம் ஓடும் பாதை, இருந்தால், பழுதின்போது தானாக மீண்டும் மின்சாரம் செலுத்தும் ரீகுளோசரைத் தானியக்கத்திலிருந்து எடுக்கச் சொல்ல வேண்டும்.

இடத்துக்குப் போனதும் வண்டியிலிருந்து யாரும் கருவியை இறக்குமுன் குழுவைக் கூட்டுங்கள். அலுவலகத்தில் நேற்று நிரப்பிய இடர் மதிப்பீட்டுத் தாளை வாசித்துவிட்டுக் கையெழுத்து வாங்குவது பேச்சாகாது. நான் அவர்களையே கேட்பேன். இன்றைக்கு எது நம்மைக் கொல்லும்? எந்தப் பக்கமிருந்து மின்சாரம் வரக்கூடும்? எர்த் எங்கே இருக்கிறது, கையைக் காட்டுங்கள். புதிதாகச் சேர்ந்தவர் தவறான திசையைக் காட்டினால் அந்த இடத்திலேயே எல்லோரையும் நடக்கவைத்துக் காட்டிவிட்டுத்தான் வேலை தொடங்கும்.

எஸ்கோம் உயிர்காக்கும் விதிகள் என்று ஐந்தை வகுத்திருக்கிறது: திறந்து, பிரித்து, சோதித்து, எர்த் செய்து, இணைத்தோ காப்பிட்டோ ஆன பிறகே தொடு, உயரத்தில் கொக்கியை மாட்டு, வண்டியில் பட்டையை அணி, போதையின்றி வேலைக்கு வா, அனுமதிச் சீட்டின்றித் தொடாதே. ஐந்தையும் எல்லோரும் ஒப்பிப்பார்கள். மனிதர்கள் சாவது முதல் விதியின் நடுவில், சோதனைக்கும் எர்த்துக்கும் இடையில்.

அதனால் அதைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். சோதனைக் கோலை முதலில் உயிருள்ளது என்று தெரிந்த ஒன்றிலோ அதற்கான சோதனைக் கருவியிலோ வைத்து அது ஒலிக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு மூன்று கம்பிகளையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். பிறகு மறுபடியும் கோலையே சோதிக்க வேண்டும். இந்த மூன்றாவது படியைத் தவிர்ப்பவர்கள் ஏராளம். இடையில் பேட்டரி செத்திருந்தால், அமைதியாக இருந்தது கம்பியா கோலா என்று யாருக்குத் தெரியும்? எர்த் போடும்போது கவ்வியை முதலில் நிலப்பக்கம் மாட்டி, பிறகு கோலால் கம்பியில் மாட்ட வேண்டும். எடுக்கும்போது நேர்மாறாக. வேலை நடக்கும் இடத்துக்கு இருபுறமும், ஏறியிருப்பவர் கண்ணுக்குத் தெரியும்படி இருக்க வேண்டும்.

ஸ்விட்ச் திறந்து பூட்டிய பிறகு எதற்கு இத்தனை என்று கேட்பவர்கள் 2022, 2023இல் நிலை 6 என்னும் கடுமையான மின்வெட்டுக் காலத்தில் எங்களோடு வந்திருக்க வேண்டும். ஒரு தெருவில் கம்பி மாற்றப் போனோம். பாதை பிரிக்கப்பட்டு, பூட்டுப் போடப்பட்டு, சீட்டும் கையில் இருந்தது. தாழ்வழுத்தப் பக்கம் கோலை நீட்டியதும் அது அலறியது. தெருவில் நடந்து காது கொடுத்துக் கேட்டோம். கடைசி வீட்டுக்குப் பின்னால் ஒரு ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு முனையிலும் பிளக் வைத்த கம்பியால் அதைச் சுவர் சாக்கெட்டில் செருகியிருந்தார்கள். 230 வோல்ட்தானே என்று எண்ணக்கூடாது. அது டிரான்ஸ்பார்மர் வழியே பின்னோக்கி ஏறி 11 கிலோவோல்ட் பக்கத்தையே உயிர்ப்பித்துவிடும். இன்று கூரைக்குக் கூரை சூரியத் தகடும் இன்வெர்ட்டரும் வந்துவிட்டன; பதிவு செய்யாமல் பொருத்தியவையும் அவற்றில் உண்டு. உயர் அழுத்தப் பக்கம் மட்டும் எர்த் செய்துவிட்டுத் தாழ்வழுத்தப் பக்கத்தை மறப்பது இந்தக் காலத்தில் மன்னிக்க முடியாதது. செம்புத் திருட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டிரான்ஸ்பார்மரின் அடியிலிருந்து எர்த் கம்பியையே அறுத்துக்கொண்டு போயிருப்பார்கள். மேலே பார்க்குமுன் கீழே பாருங்கள்.

ஆட்களை நடத்துவது

குவாசூலு-நடாலில் உங்கள் குழுவில் பெரும்பாலோர் சூலு பேசுவார்கள். ஆங்கிலத்தில் கட்டளையிட்டு எல்லோரும் 'யெபோ' (ஆமாம்) என்றதும் புரிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள். சூலுவைக் கற்றுக்கொள்ளுங்கள், ஃபனகலோ என்னும் எடுபிடிக் கலப்புமொழி வேண்டாம், அது தோட்ட முதலாளிகள் விட்டுப்போனது, கேட்பவர் மனம் சுருங்கும். காலையில் வணக்கம் சொல்லி நலம் கேட்காமல் வேலையைத் தொடங்கினால் அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார்கள். உங்களைவிட வயதில் மூத்தவரை 'பாபா' என்று அழையுங்கள், நீங்கள் அவருக்கு மேலதிகாரியாக இருந்தாலும்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது, அது நமக்கும் நன்றாகப் பழகியதே. பெரியவர் சொல்வதை இளையவர் எதிர்த்துப் பேசக்கூடாது என்று அவர்களும் வளர்க்கப்பட்டிருக்கிறார்கள், நாமும் வளர்க்கப்பட்டிருக்கிறோம். இளைஞன் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு நிற்பது பணிவு. ஆனால் அந்தப் பணிவுக்குள் 'இந்தக் கயிறு அறுந்திருக்கிறது' என்ற செய்தி மறைந்திருக்கலாம். வீட்டில் நல்ல குணமாக இருப்பது கம்பத்தடியில் ஆளைக் கொல்லும். அதனால் மூத்தவர்களை எல்லோர் முன்பும் கடைசியில் பேசச் சொல்லுங்கள், இளையவரை முதலில். வேலையை நிறுத்தச் சொன்னவருக்கு, அவர் சொன்னது தவறாக இருந்தாலும், அனைவர் முன்னிலையிலும் நன்றி சொல்லுங்கள். ஒருமுறை சிரித்துவிட்டால் அடுத்த முறை யாரும் வாய் திறக்கமாட்டார்கள்.

சங்கப் பிரதிநிதியைப் பகைவராகப் பார்க்காதீர்கள். பாதுகாப்பு விஷயத்தில் அவரும் நீங்களும் ஒரே பக்கம். விடுமுறைப் பட்டியலை எழுதும்போது எல்லோர் நாள்களையும் தெரிந்துவைத்திருங்கள்: ஷெம்பே திருச்சபைப் பக்தரின் யாத்திரை, ஈஸ்டர், தைப்பூசக் காவடி, ரமலான். விரதம் இருப்பவரை வெயில் உச்சியில் கம்பத்தில் ஏற்றக்கூடாது, அவர் நம்மவராக இருந்தாலும் சரி.

திருட்டு இணைப்புகளை அகற்றும் வேலை தனி. மக்கள் கோபமாகத் திரள்வார்கள், கல் விழும். காவல் துணையின்றிப் போகாதீர்கள், வண்டியை வெளியேறும் திசையில் நிறுத்துங்கள், பேச்சு ஏறினால் கருவியை விட்டுவிட்டுக் கிளம்புங்கள். ஏணியை மீண்டும் வாங்கிக்கொள்ளலாம்.

காகிதம்

பலருக்கு இது சலிப்பு. சுருக்கமாகச் சொல்கிறேன். உயிரிழப்பு, மயக்கம், உறுப்பிழப்பு, அல்லது 14 நாளாவது வேலைக்கு வர முடியாத காயம் ஏற்பட்டால் தொழிற்பாதுகாப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவின்படி அறிவிக்க வேண்டும். உயிர் காப்பதற்கன்றி, பெருவிபத்து நடந்த இடத்தை ஆய்வாளர் அனுமதியில்லாமல் கலைக்கக்கூடாது. சீட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது ஆட்களை எண்ணுங்கள், எர்த்தை எண்ணுங்கள், கையெழுத்துகளை எண்ணுங்கள். மூன்றும் காலைக் கணக்கோடு ஒத்தால்தான் கட்டுப்பாட்டு மையத்தை அழைப்பது.

சம்பளமும் வீடும்

அடிப்படைச் சம்பளத்தோடு ஸ்டாண்ட்பை படி, மிகைநேரம், வெளியூர்த் தங்கல் படி ஆகியவை சேரும். 1997ஆம் ஆண்டின் வேலை நிபந்தனைச் சட்டம் வாரத்துக்கு 45 மணி நேரம், மிகைநேரத்துக்கு ஒன்றரை மடங்கு ஊதியம் என்கிறது. ஆனால் அமைச்சர் அறிவிக்கும் வருமான வரம்பைத் தாண்டியவர்களுக்கு அந்த நேரவிதிகள் பொருந்தா. லைன்மேனாக இருந்தபோது மிகைநேரத்தில் சம்பாதித்தவர் மேற்பார்வையாளரானதும் வரம்பைத் தாண்டிவிடலாம். பிறகு உங்களைக் காப்பது ஒப்பந்தமும் சங்க உடன்படிக்கையும் மட்டுமே. பதவி உயர்வுக் கடிதத்தில் மிகைநேரம் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று படித்து, கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு ஒப்புக்கொள்ளுங்கள்.

ஸ்டாண்ட்பை வாரத்தில் திருமணத்துக்கும் பதினாறாம் நாளுக்கும் போனாலும் சாவியும் தொலைபேசியும் கையில் இருக்கும். கோடைக்கால இடிமழை பிற்பகலில்தான் வரும், பழுது நள்ளிரவு வரை நீளும். மனைவியிடமோ கணவரிடமோ இதைப் பதவி ஏற்குமுன்பே பேசுங்கள்.

இதற்கு மேலே

மூத்த மேற்பார்வையாளர், பணித்திட்ட அலுவலர், பாதுகாப்பு அலுவலர், பயிற்றுநர், திட்ட மேலாளர் என்று வழிகள் பிரியும். சொந்தமாக ஒப்பந்த நிறுவனம் தொடங்க விரும்பினால் கட்டுமானத் தொழில் வாரியத்தில் மின் உட்கட்டமைப்புப் பிரிவில் பதிய வேண்டும். 1 முதல் 9 வரை தரநிலை உண்டு, கீழிருந்து ஏற வேண்டும். நகராட்சிகள் பணம் தரத் தாமதிப்பது வழக்கம். மூன்று மாதச் சம்பளத்தைக் கையில் வைத்துக்கொள்ளாமல் தொடங்காதீர்கள்.

நேர்முகத் தேர்வு

தொழில்நுட்பக் கேள்விகளுக்கு நீங்கள் தயாராகவே இருப்பீர்கள். தடுமாற வைப்பது வேறு வகைக் கேள்வி. அதில் ஒன்று பல வடிவங்களில் வரும்: உங்கள் ஆள் மேலே இருக்கிறார், மலைப்பக்கம் இடி கேட்கிறது, மேலாளர் தொலைபேசியில் 'மருத்துவமனைக்கு மின்சாரம் இல்லை, இன்னும் எவ்வளவு நேரம்?' என்கிறார். என்ன செய்வீர்கள்? மேலாளரைச் சமாதானப்படுத்தும் சொற்களைத் தேடுபவர்கள் அங்கேயே தோற்கிறார்கள். முதலில் ஆளைக் கீழே இறக்குவேன், எல்லோரையும் கம்பிகளிலிருந்து விலக்கி வண்டிக்குள் அமர வைத்து எண்ணுவேன், எர்த்தை அப்படியே விட்டுவைப்பேன், சீட்டு என் கையிலேயே இருக்கும், அதன் பிறகு மேலாளரை அழைத்து 'இடி விலகிய பிறகு மறுமதிப்பீடு செய்து சொல்கிறேன், அதுவரை மருத்துவமனையின் ஜெனரேட்டருக்கு டீசல் அனுப்புங்கள்' என்று சொல்வேன். இந்த வரிசையில் பதில் சொல்லுங்கள். ஏன் நேரத்தைச் சொல்லவில்லை என்று அடுத்து கேட்பார்கள். மேலே நிற்பவர் காதுக்கு அந்த நேரம் எட்டினால் அவர் அவசரப்படுவார் என்பதுதான் விடை.

டிரேட் டெஸ்ட் சான்றிதழ், ஓட்டுநர் உரிமம், அதிகாரக் கடிதங்கள் ஆகியவற்றின் அசலையும், காவல் நிலையத்தில் அண்மையில் முத்திரை இட்ட நகல்களையும் எடுத்துச் செல்லுங்கள். மருத்துவத் தகுதிச் சான்றின் தேதியை முந்தின நாளே பார்த்துவிடுங்கள்.